நம் தண்ணீரை நம் நிலத்தில் இறக்க எதற்கு மூன்று அனுமதி?

நீங்கள் கேட்டதை முதலில் என் வார்த்தையில் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், ஃபீனிக்ஸுக்கு மேற்கே ஒரு சிறிய தனியார் குடிநீர் நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம் ஆகிறது. நிறுவனத்தின் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து நாளொன்றுக்கு 10 லட்சம் காலன் நீர் வெளிவருகிறது. அதைக் குளம் வெட்டி மண்ணுக்குள் இறக்கி, பிறகு வேண்டும்போது கிணற்றில் எடுத்துக்கொள்ள மாநில அரசிடம் விண்ணப்பிக்கும் பொறுப்பை உங்களிடம் கொடுத்திருக்கிறார்கள். எந்த அனுமதியை முதலில் கேட்பது, எங்கே திருப்பி அனுப்புவார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் கேள்வியின் கடைசி வரியில்தான் விஷயமே இருக்கிறது: "நம் தண்ணீரை நம் நிலத்தில் விட எதற்கு இத்தனை அனுமதி?" அதற்குப் பதில் தெரிந்துவிட்டால் மற்ற இரண்டும் தானாக விளங்கும் என்பதால் அங்கிருந்தே தொடங்குகிறேன். நான் நிலத்தடி நீரியல் படித்தவன். பதினெட்டு வருடமாக அரிசோனாவில் இந்த விண்ணப்பங்களைத் தயாரிக்கும் பக்கத்தில் இருக்கிறேன்.

தண்ணீரை மண்ணில் இறக்குவது மட்டும்தான் உங்கள் நோக்கம் என்றால் இந்த நீர்வளத் துறை அனுமதிகளில் பெரும்பகுதி தேவையே இல்லை. நீங்கள் கேட்பது வேறு. இன்று இறக்கிய தண்ணீரைப் பத்து வருடம் கழித்து, வேறொரு கிணற்றிலிருந்து, "இது நான் போட்டது" என்று சொல்லி எடுக்கும் உரிமையைக் கேட்கிறீர்கள். மண்ணுக்குள் போன தண்ணீரில் பெயர் எழுதியிருக்காது. அரசு அதற்கு ஒரு கணக்குத் திறந்து தர வேண்டும். மூன்று அனுமதியும் அந்தக் கணக்கின் மூன்று பக்கங்கள். தண்ணீர் எங்கே இறங்குகிறது என்பதற்கு முதலாவது, இறங்குவது யாருடைய தண்ணீர் என்பதற்கு இரண்டாவது, எந்தக் கிணற்றில் வெளியே வருகிறது என்பதற்கு மூன்றாவது. துறையின் கோப்பு எண்ணிலேயே இந்தப் பிரிவு தெரியும். சேமிப்புக் கட்டமைப்புக்கான அனுமதி 71 என்று தொடங்கும், நீர் சேமிப்பு அனுமதி 73, மீட்புக் கிணறு 74. இடையில் இருக்கும் 72 இன்னொரு வகை. நிலத்தடி நீரை இறைக்கும் விவசாயிக்கு ஆற்று நீரைக் கொடுத்து, அவர் இறைக்காமல் விட்ட அளவைக் கொடுத்தவர் கணக்கில் வரவு வைக்கும் ஏற்பாடு அது. உங்களுக்கு அது வேண்டாம்.

இந்தக் கணக்கு ஏன் வந்தது என்றால், 1980 வரை இங்கே நம் ஊர் போலத்தான். நிலம் வைத்திருப்பவர் இறைத்துக்கொள்ளலாம். நிலத்தடி நீர்மட்டம் பல நூறு அடி இறங்கி, சில இடங்களில் தரையே பிளந்தது. 1980 ஜூனில் ஆளுநர் புரூஸ் பாபிட் கையெழுத்திட்ட நிலத்தடி நீர் மேலாண்மைச் சட்டம், ஃபீனிக்ஸ், டூசான், பைனல், பிரெஸ்காட் ஆகிய நான்கு மேலாண்மைப் பகுதிகளில் இறைப்பைக் கட்டுக்குள் கொண்டுவந்தது. அதே சமயம் கொலராடோ ஆற்று நீரை ஹவாசு ஏரியிலிருந்து 336 மைல் கொண்டுவரும் கால்வாய் கட்டப்பட்டுக்கொண்டிருந்தது. வருடத்துக்குச் சுமார் 15 லட்சம் ஏக்கர்-அடி (ஒரு ஏக்கர் நிலத்தில் ஒரு அடி ஆழத்துக்கு நிற்கும் நீர் ஒரு ஏக்கர்-அடி), நமக்குப் பழகிய கணக்கில் 65 டி.எம்.சி. வந்த நீர் முழுவதையும் உடனே பயன்படுத்த ஆள் இல்லை. மிஞ்சியதை மண்ணுக்குள் போட்டு வைக்க 1986இல் முதல் சட்டம் வந்தது. 1994இல் எல்லாவற்றையும் ஒரே சட்டமாகத் தொகுத்தார்கள். இன்று நீங்கள் விண்ணப்பிப்பது அந்த 1994 சட்டத்தின் கீழ்தான்.

இதன் அளவு பிடிபட ஒரு உதாரணம். ஃபீனிக்ஸுக்கு மேற்கே டோனோபா பாலைவனத்தில் உள்ள ஊறல் குளங்களின் அனுமதி அளவு வருடத்துக்கு 1,50,000 ஏக்கர்-அடி. அதாவது ஆறரை டி.எம்.சி. செம்பரம்பாக்கம் ஏரி நிரம்பினால் 3.6 டி.எம்.சி. கிட்டத்தட்ட இரண்டு செம்பரம்பாக்கம், வருடா வருடம், மண்ணுக்குள். உங்கள் 10 லட்சம் காலன் வருடத்துக்கு 1,120 ஏக்கர்-அடி ஆகும். பெரியது இல்லை என்றாலும் சிறிய நிறுவனத்துக்கு அது நல்ல கையிருப்பு.

சரி, முதல் அனுமதிக்கு வருவோம். உழைப்பில் முக்கால்வாசி இதற்குத்தான் போகும். சட்டம் கேட்பது ஐந்தாறு விஷயங்கள்: இதைக் கட்டி நடத்தும் தொழில்நுட்பத் தகுதியும் பணமும் உங்களிடம் உண்டா, நிலத்தின் மீது உரிமை உண்டா, அந்த மண் உண்மையில் நீரை வாங்கிக்கொள்ளுமா, அக்கம்பக்கத்து நிலத்துக்கும் கிணறுகளுக்கும் நியாயமற்ற தீங்கு வராதா, வெள்ளப் பகுதியில் இருந்தால் மாவட்ட அனுமதி வாங்குவீர்களா, மாசு நிலத்தடி நீருக்குள் இறங்காதா. கேட்க எளிது. ஆனால் ஒவ்வொன்றுக்கும் சான்று வேண்டும், சொல் போதாது.

மண் வாங்கிக்கொள்ளுமா என்பதில் பலர் செய்யும் தவறு, ஒரே ஒரு சோதனைக் குழியில் இரண்டு நாள் நீர் ஊற்றிப் பார்த்து, அந்த வேகத்தையே இருபது வருடத்துக்கு நீட்டுவது. புதுக் குளம் முதல் வாரம் தண்ணீரை அப்படியே குடித்துவிடும். அப்புறம் அடியில் பாசியும் வண்டலும் படிந்து வேகம் குறையும். காயப்போட்டு, மேல்தோலைச் சுரண்டி, மறுபடி நிரப்ப வேண்டும். ஆகவே ஒரு குளம் வேலை செய்யும்போது இன்னொன்று காயும். உங்கள் திட்டத்தில் ஒரே குளம்தான் என்று எழுதியிருந்தீர்கள். அது போதாது என்பது என் உறுதியான கருத்து. குறைந்தது மூன்றாகப் பிரியுங்கள். இதைவிட முக்கியமானது, மேலே இருக்கும் மணலைப் பார்த்து ஏமாறாதீர்கள். அறுபது, எழுபது அடி ஆழத்தில் ஒரு களிமண் அடுக்கு இருந்தால் தண்ணீர் அதன் மேல் தங்கிப் பக்கவாட்டில் ஓடும், உங்கள் கிணற்றை எட்டவே எட்டாது. துளையிட்டு மண் மாதிரி எடுக்காமல் இதைச் சொல்ல முடியாது. துறையில் சிறிய அளவில் முன்னோட்டச் சேமிப்புக்குத் தனியாக அனுமதி வாங்க வழி இருக்கிறது. சந்தேகம் இருக்கும் இடத்தில் நான் எப்போதும் அதைத்தான் பரிந்துரைப்பேன்.

தீங்கு என்ற பகுதிதான் விண்ணப்பத்தின் இதயம். தண்ணீர் இறங்கும் இடத்தில் நிலத்தடி நீர்மட்டம் கவிழ்த்த கிண்ணம் போல மேடாக எழும். அந்த மேடு எவ்வளவு தூரம் பரவும் என்று கணினி மாதிரியில் போட்டு, நீர்மட்டம் ஒரு அடி உயரும் எல்லையை வரைபடத்தில் காட்ட வேண்டும். அந்த எல்லைக்குள் இருக்கும் ஒவ்வொரு கிணறும், மணல் குழியும், பழைய குப்பைமேடும் உங்கள் பொறுப்பு. உயர்ந்து வரும் நீர் ஒரு பழைய குப்பைமேட்டின் அடியைத் தொட்டால் அதிலிருக்கும் அத்தனையும் கரைந்து கீழே போகும். பல வருடம் முன்பு நான் ஒரு சிற்றூருக்குத் தயாரித்த விண்ணப்பத்தில் பதிவேட்டில் இருந்த கிணறுகள், கிடங்குகள் எல்லாவற்றையும் குறித்திருந்தேன். பதிவேட்டில் இல்லாத ஒரு பழைய குப்பைக் குழி அரை மைல் தள்ளி இருந்தது. ஊரில் எல்லாருக்கும் அது தெரியும், எனக்கு மட்டும் தெரியாது. பொது அறிவிப்பு வந்தபோது ஒரு பெரியவர் எழுத்தில் ஆட்சேபம் கொடுத்தார். அவர் சொன்னது சரி. மாதிரியை மறுபடி ஓட்டி, குளத்தை வேறு மூலைக்கு நகர்த்தி, எட்டு மாதம் போனது. அன்றிலிருந்து வரைபடத்தைத் திறக்கும் முன் ஊருக்குள் நடந்து வயதானவர்களிடம் பேசுகிறேன். பழைய விமானப் படங்களையும் வாங்கிப் பார்க்கிறேன். நீங்களும் செய்யுங்கள்.

மாசு விஷயத்தில் நீங்கள் இறக்குவது சுத்திகரித்த கழிவுநீர் என்பதால் மாநிலச் சுற்றுச்சூழல் துறையிடம் நிலத்தடி நீர்ப் பாதுகாப்பு அனுமதி தனியாக வேண்டும். கால்வாய் நீரை மட்டும் இறக்குபவர்களுக்கு இது இல்லை. அதனால் நகராட்சியில் இருக்கும் உங்கள் நண்பர் "எங்களுக்கு அதெல்லாம் கேட்கவில்லையே" என்று சொன்னதை நம்பி விட்டுவிடாதீர்கள். உங்கள் நிலையத்தின் நீர் ஏ-பிளஸ் தரம் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால் மொத்த நைட்ரஜன் லிட்டருக்கு 10 மில்லிகிராமுக்குக் கீழே இருக்கும், அது பெரிய நிம்மதி. ஆனால் மண்ணுக்குள்ளேயே பழைய பருத்தி வயல்களின் உர மிச்சம் இருக்கலாம். முதல் சில வருடம் தண்ணீர் அதைக் கழுவிக்கொண்டு போகும், கீழே நைட்ரேட் ஏறும். இது நடக்குமா என்று முன்கூட்டி உறுதியாகச் சொல்ல முடியாது. கண்காணிப்புக் கிணறு வைத்துத்தான் தெரியும். அனுமதியிலும் இதற்கு இரண்டு கோடு போடுவார்கள். ஒன்றைத் தாண்டினால் எச்சரிக்கை, மற்றதைத் தாண்டினால் இறக்குவதை நிறுத்த வேண்டும். நீர்மட்டத்துக்கும் அப்படியே.

குளத்துக்குப் பதில் கிணறு வழியாக உட்செலுத்தலாமா என்று உங்கள் மேலாளர் கேட்டதாகச் சொன்னீர்கள். நிலம் விலை அதிகமான இடத்தில் அதற்கு நியாயம் இருக்கிறது. ஆனால் ஆக்சிஜன் நிறைந்த நீர் ஆழத்துப் பாறையில் பட்டால் அங்கே அமைதியாக இருந்த ஆர்செனிக் கரைந்து வெளிவரலாம். ஃபுளோரிடாவில் இப்படி நடந்து நிறையச் சிரமப்பட்டார்கள். உங்களுக்கு நிலம் இருக்கிறது, குளமே நல்லது. உட்செலுத்தும் கிணறுகளில் நான் அதிகம் வேலை செய்ததில்லை, அந்த வழியில் போவதாக இருந்தால் அதையே தொழிலாகக் கொண்டவரைக் கேளுங்கள்.

இரண்டாவது அனுமதி, அதாவது தண்ணீர் யாருடையது என்பது, தாளில் இரண்டு மூன்று பக்கம்தான். ஆனால் நான் பார்த்தவரை சிறிய நிறுவனங்கள் கோட்டை விடும் இடம் இதுதான். அரிசோனா உச்ச நீதிமன்றம் 1989இல், சுத்திகரித்த கழிவுநீர் ஆற்று நீரும் இல்லை, நிலத்தடி நீரும் இல்லை, அதை உண்டாக்கும் நிலையம் தன் விருப்பப்படி பயன்படுத்தலாம், விற்கலாம் என்று தீர்ப்புச் சொன்னது. நல்ல செய்தி. ஆனால் உங்கள் நிறுவனம் அந்த நீரை ஏற்கெனவே யாருக்காவது எழுதிக் கொடுத்திருக்கிறதா? குடியிருப்பு கட்டியபோது கோல்ஃப் மைதானத்துக்கு "கிடைக்கும் அளவு முழுவதும்" தருவதாக இருபது வருடம் முன்பு யாரோ கையெழுத்துப் போட்டிருப்பார்கள். அலமாரியில் இருக்கும் பழைய ஒப்பந்தங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் படியுங்கள். ஒப்பந்த வாசகத்தில் சந்தேகம் வந்தால் வழக்கறிஞரிடம் போங்கள், என் துறை மண்ணும் நீரும்தான்.

கணக்கில் எவ்வளவு வரவாகும் என்பது பலருக்குத் தெரியாத நல்ல பகுதி. கால்வாய் நீரை இறக்கினால் நீண்டகாலக் கிரெடிட்டாக, அதாவது பல வருடம் கழித்தும் எடுத்துக்கொள்ளக்கூடிய வரவாக, நூற்றுக்கு 95 பங்குதான் கிடைக்கும், 5 பங்கு நிலத்தடிப் படுகைக்கே விட்டுவிட வேண்டும். கழிவுநீரை வெட்டிய குளத்தில் இறக்கினால் அந்த 5 பங்கு வெட்டு கிடையாது. அதே நீரை வறண்ட ஆற்றுப் படுகையில் சும்மா ஓடவிட்டு ஊறவைத்தவர்களுக்குச் சட்டம் தொடக்கத்தில் பாதிதான் கொடுத்தது. குளம் வெட்டும் செலவைப் பார்த்துத் தயங்கும் உங்கள் மேலாளரிடம் இதைச் சொல்லுங்கள். ஆனால் குளத்தில் ஆவியாகும் நீர் கழிக்கப்படும். இங்கே ஜூன் வெயிலில் அது கொஞ்சமல்ல.

மூன்றாவது, கிணறு. இங்கேதான் புதிதாக வருபவர்கள் திகைப்பார்கள். நீங்கள் இறக்கிய நீரை அதே இடத்தில்தான் எடுக்க வேண்டும் என்று இல்லை. அதே மேலாண்மைப் பகுதிக்குள், இருபது மைல் தள்ளி இருக்கும் கிணற்றிலும் எடுக்கலாம். அந்தக் கிணற்றில் வருவது உங்கள் நீரின் ஒரு துளிகூட இல்லாத ஆதி நிலத்தடி நீர். ஆனாலும் சட்டப்படி அது நீங்கள் போட்ட கழிவுநீர்தான், உங்கள் நிலத்தடி நீர் இறைப்பில் சேராது. நீரின் குணம் கணக்கோடு போகிறது, குழாயோடு இல்லை. தூரத்தில் எடுப்பதானால் அங்கே நீர்மட்டம் வருடத்துக்குச் சராசரியாக 4 அடிக்கு மேல் இறங்கிக்கொண்டிருக்கக் கூடாது. கிணறு இன்னொரு நகரத்தின் சேவை எல்லைக்குள் இருந்தால் அவர்கள் சம்மதம் வேண்டும். புதுக் கிணறு தோண்டினால் ஐந்து வருடத்தில் பக்கத்துக் கிணறுகளில் கூடுதலாக 10 அடிக்கு மேல் நீர்மட்டம் இறங்காது என்று காட்ட வேண்டும். இருக்கும் கிணற்றையே பயன்படுத்தினால் வேலை வெகுவாகக் குறையும், உங்களிடம் இரண்டு கிணறு இருப்பதாகச் சொன்னீர்கள், அதில் ஒன்றுக்கே விண்ணப்பியுங்கள்.

சட்டம் அனுமதிக்கிறது என்பதற்காகத் தூரத்தில் எடுக்கலாமா என்று கேட்டால், என் மனசு ஒப்பாது. கணக்கில் நேர் செய்துவிடலாம், ஆனால் எடுக்கும் இடத்தில் பக்கத்து வீட்டுக்காரர் கிணறு உண்மையாகவே இறங்கும். கொலராடோ ஆற்றுக்கு 2021 ஆகஸ்டில் முதல் முறையாகத் தட்டுப்பாடு அறிவித்து, மறு வருடம் அரிசோனா 5,12,000 ஏக்கர்-அடி இழந்தது. அப்படிப்பட்ட வருடங்களில்தான் எல்லாரும் ஒரே நேரத்தில் கிரெடிட்டை எடுக்க வருவார்கள். 2023 ஜூனில் துறை வெளியிட்ட கணிப்பு, ஃபீனிக்ஸ் பகுதியில் நூறு வருடத்தில் 48.6 லட்சம் ஏக்கர்-அடி தேவைக்கு நிலத்தடி நீர் கிடைக்காது என்று சொன்னது. அந்தப் பின்னணியில், இறக்கிய இடத்துக்குப் பக்கத்திலேயே எடுப்பவர் யாரையும் காயவிடவில்லை. உங்கள் கிணறு குளத்திலிருந்து முக்கால் மைல்தான் என்றீர்கள். அதைப் போல வாய்ப்பது அபூர்வம்.

பக்கத்தில் எடுப்பது நன்றாக நடக்கும் என்பதற்கு டூசான் சாட்சி. 1992இல் கால்வாய் நீரை நேராக வீடுகளுக்கு விட்டார்கள். அதுவரை நிலத்தடி நீருக்குப் பழகிய பழைய குழாய்களின் துரு கிளம்பி, குழாயைத் திறந்தால் பழுப்புத் தண்ணீர் வந்தது. 1994இல் நிறுத்தினார்கள். அடுத்த வருடம் மக்கள் வாக்களித்து நேரடி விநியோகத்துக்குக் கட்டுப்பாடு போட்டார்கள். அப்புறம் நகருக்கு மேற்கே ஆவ்ரா பள்ளத்தாக்கில் குளம் வெட்டி நீரை இறக்கி, சுற்றிலும் கிணறு போட்டு, நிலத்தடி நீரோடு கலந்தபின் எடுத்து 2001இல் மறுபடி கொடுத்தார்கள். இன்று அந்த நகரம் பெரும்பாலும் அதைத்தான் குடிக்கிறது.

வரிசையைப் பற்றி: முதல் இரண்டையும் ஒன்றாகக் கொடுங்கள், ஒன்று இல்லாமல் மற்றது பயன்படாது. மீட்புக் கிணறு விண்ணப்பம் பின்னால் வரலாம் என்று சிலர் சொல்வார்கள், சட்டப்படி சரிதான். ஆனால் எடுக்க முடியாத இடத்தில் இறக்கிவிட்டு விழிப்பதைவிட மூன்றையும் சேர்த்தே யோசிப்பது நல்லது. சுற்றுச்சூழல் துறை அனுமதியை எல்லாவற்றுக்கும் முன்பே தொடங்குங்கள், உங்கள் அட்டவணையை இழுத்தடிக்கப் போவது அதுதான். விண்ணப்பம் முழுமையானது என்று ஏற்றபின் துறை உள்ளூர் நாளிதழில் அடுத்தடுத்து இரண்டு வாரம் அறிவிப்பு போடும். கடைசி அறிவிப்பிலிருந்து 15 நாளுக்குள் யாரும் ஆட்சேபிக்கலாம். ஆட்சேபம் இல்லாவிட்டால் கழிவுநீர்த் திட்டத்துக்கு ஒன்றரை வருடம் ஒதுக்குங்கள், இது என் அனுபவம் மட்டுமே, சட்டத்தில் உள்ள கெடு வேறு. துறை விண்ணப்பத்தைப் பார்க்கச் செலவிடும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் கட்டணம் வாங்குவதால் அரைகுறையாகக் கொடுத்தால் நாளும் பணமும் சேர்ந்தே போகும். விண்ணப்பிக்கும் முன் துறையோடு ஒரு முன்கூட்டம் கேளுங்கள், மறுக்க மாட்டார்கள். அங்கே இருக்கும் நீரியலாளர்கள் உங்கள் எதிரிகள் இல்லை, எந்தக் கணினி மாதிரியை ஏற்பார்கள், எத்தனை கண்காணிப்புக் கிணறு வேண்டும் என்று வெளிப்படையாகச் சொல்வார்கள். அதைக் கேட்டபின் கன்சல்டன்ட்டை அமர்த்தினால் செலவு குறையும்.

அனுமதி கிடைத்தபின் ஒவ்வொரு வருடமும் மார்ச் 31க்குள் அறிக்கை கொடுக்க வேண்டும். மீட்டர் பழுதாகி மூன்று மாதம் அளக்காவிட்டால் அந்த மூன்று மாத நீர் மண்ணுக்குள் இருக்கும், உங்கள் கணக்கில் இருக்காது. குளத்துக்குள் நுழையும் குழாயில் இரண்டாவது மீட்டர் ஒன்று வைக்கச் சொல்லுங்கள். இந்த வாரமே செய்ய ஒன்று இருக்கிறது: உங்கள் இரண்டு கிணற்றிலும் நீர்மட்டத்தை வாரம் ஒரு முறை அளந்து தேதியோடு எழுதத் தொடங்குங்கள். இறக்கும் முன் மட்டம் என்ன இருந்தது என்று ஒரு வருடப் பதிவு கையில் இருந்தால், பிற்பாடு பக்கத்து நிலத்துக்காரர் வந்து கேட்கும்போது காட்ட உங்களிடம் ஏதாவது இருக்கும்.